ஊசி அறைக்கும் கரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஊசிக்காரர் தணிகாசலம் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றுகிறவர், பூக்கட்டுகிற அம்மா, ஷேர் ஆட்டோக்காரர் என்று ஆளுக்கொரு குறுக்குவழி சொல்வார்கள். "கரண்டு ஏழுமலை வீடு எது?" என்று கேளுங்கள். மின்வாரிய ஆபீசுக்கு வழி காட்டுவார்கள். அந்த ஏழுமலை நான்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே கூரைக்கு அடியில், ஒரே நோய்க்கு வேலை பார்த்தவர்கள். அவனுக்கு முன்னால் சேர்ந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிற வேகத்தில் விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் டாக்டர் காலமான பிறகு ஆஸ்பத்திரியை அவருடைய மகள் நடத்துகிறார். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க அங்கே போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிப் பெண் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, முகவாதத்துக்கு அந்தக் காலத்துல கரண்டு நல்லா கேட்டுச்சா, ஊசி நல்லா கேட்டுச்சா?" என்றாள். "உக்காரும்மா, சொல்றேன்" என்றேன். அவளுக்கு உட்கார நேரமில்லை. "எழுதிக் குடுங்களேன் ஐயா, நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். தணிகாசலத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறாளா என்று விசாரித்தேன். இல்லை என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சேலம் ரோட்டில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். நரம்பு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவர் ஊரில் புதிதாக ஆஸ்பத்திரி வைத்தார். அங்கே கூட்டிப் பெருக்கப் போனேன். பிறகு கட்டுப் போட, பிறகு ரத்த அழுத்தம் பார்க்க. ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. "இத யாரு பாத்துக்கறீங்க?" என்றார் டாக்டர். மற்றவர்கள் ஷாக் அடிக்கும் என்று பின்வாங்கினார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம். அப்படித்தான் நான் கரண்டு ஏழுமலை ஆனேன்.

பெட்டியில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு ஒயர், கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. ஒரு ஒயரின் முனையில் தகடு. அதில் ஈரத்துணி சுற்றி நோயாளியின் பிடரியில் வைத்துக் கட்ட வேண்டும். இன்னொரு முனை பேனா மாதிரி இருக்கும், நுனியில் பஞ்சு. அதை உப்புத் தண்ணீரில் நனைத்து, செயலற்றுக் கிடக்கிற பக்கத்துக் கன்னத்தில் இடம் பார்த்துத் தொட வேண்டும். சரியான இடமென்றால் வாயோரம் வெடுக்கென்று துடிக்கும். நூலளவு தள்ளிவிட்டால் துடிக்காது, வலிக்க மட்டும் செய்யும். திருகைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் ஆள் துள்ளிவிடுவார். அதனால் ஒவ்வொருவருக்கும் முன்னால் என் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் முகத்துக்குக் கொண்டுபோவேன். "இன்னா தம்பி, வைத்தியம் எனக்கா உனக்கா?" என்று கேட்காத நோயாளி கிடையாது. கரண்டு போட்ட ஆளை விட்டு ஒரு அடிகூட நகரக் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். நான் அதை ஒருநாளும் மீறியதில்லை.

டாக்டர் நோயாளி உள்ளே வந்ததும் பேச மாட்டார். ஒரு விரலை மேலே காட்டுவார். நோயாளி கூரையைப் பார்ப்பார், டாக்டர் அவர் நெற்றியைப் பார்ப்பார். வாய் கோணியிருந்தும் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கினால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "இது மூளை. இங்க உக்கார வேணாம், வண்டி புடிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு." நெற்றியில் ஒரு பாதி மட்டும் மழமழவென்று கிடந்தால் சாய்ந்து உட்கார்வார். "இது மூஞ்சி நரம்பு. பாப்போம்." சரியாகிவிடும் என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் "பாப்போம்"தான்.

வருகிற ஜனங்கள் கோணின பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வருவார்கள். வாய் வலப்பக்கம் இழுத்திருந்தால் நோய் அங்கேதான் என்று அங்கேயே பற்றுப் போட்டிருப்பார்கள். பேய் அறைந்துவிட்டது என்று அந்தக் கன்னத்துக்கே வேப்பிலை அடித்திருப்பார்கள். உண்மையில் இழுக்கிற பக்கம்தான் நல்ல பக்கம். செத்துக் கிடக்கிறது எதிர்ப்பக்கம். இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

இப்படி நான் நிம்மதியாக, அதாவது எனக்குக் கிடைக்கிற அளவு நிம்மதியாக, இருந்தபோதுதான் தணிகாசலம் வந்தான். பன்னிரண்டாவது பாஸ். சென்னையில் அக்குபஞ்சர் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். நெற்றியில் சந்தனம், சட்டைப்பையில் சீப்பு. என் அறையைப் பாதியாகத் தடுத்து நடுவே பலகை அடித்தார்கள். ஜன்னல் இருந்த பாதி அவனுக்குப் போனது.

அவன் கையை நான் குறை சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் நம்பவில்லை. முடி மாதிரி மெல்லிய ஊசிகள். அப்போதெல்லாம் ஊசியைத் தூக்கிப்போடுகிற வழக்கம் இல்லை. கொதிகலத்தில் அவித்து, ஸ்பிரிட்டில் போட்டு, வளைந்ததைத் தனியே பொறுக்கி எடுப்பான். காது மடலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் ஒன்று. புருவத்தில், கன்னத்தில், வாயோரத்தில். பிறகு எதிர்ப்பக்கத்துக் கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்துச் சதைமேட்டில் ஒன்று. வாய் இங்கே கோணினால் அங்கே கையில் எதற்கு என்று கேட்டதற்கு, "வழி அப்பிடி போவுதுண்ணா" என்றான். குத்துவதற்கு முன்னால் "இருமுங்க" என்பான். நோயாளி இருமுகிற நொடியில் ஊசி உள்ளே இருக்கும். இருமி முடித்துவிட்டு, "எப்ப சார் குத்துவீங்க?" என்று கேட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வாரம் ஒருமுறை டாக்டர் ஜீப்பில் கல்வராயன் மலைக்குப் போவார். கச்சிராயபாளையம் தாண்டி வளைந்து வளைந்து ஏறி, வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பார். முன்னெல்லாம் கூடப் போனவன் நான். அவன் வந்த பிறகு, "ஏழுமல, நீ இங்கயே இரு. மலையில கரண்டு எப்ப வரும் எப்ப போவும்னு தெரியாது. ஊசிக்கு அது வேணாம்" என்றார். நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் எனக்குத் தாங்கவில்லை. கீழே மட்டும் என்ன வாழ்ந்தது? பாதி நாள் மின்சாரம் போய்விடும். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பலகைக்கு அந்தப் பக்கம் "இருமுங்க... ஆச்சு. இருமுங்க... ஆச்சு" என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

மலையிலிருந்து வரும்போது அவன் மடியில் பலாப்பழம் இருக்கும், தேன் இருக்கும். மலை ஜனங்கள் பிரியமாகக் கொடுத்தது. "அண்ணா, உங்களுக்கும் குடுத்தனுப்புனாங்க" என்று என் மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைப்பான். எனக்கு யார் கொடுத்தனுப்பியிருப்பார்கள்? இவனே பிய்த்து வைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பழத்தைத் தின்றால் அன்றைக்கு முழுக்க நெஞ்சைக் கரிக்கும்.

இனி என் மனைவி விஷயம். இதைச் சொல்லாமல் அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அஞ்சலை ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் தெருமுனையில் கேட்கும். ஒரு தை மாதக் காலையில் அடுப்பு ஊதக் குழலை வாயில் வைத்தாள். காற்று குழலுக்குள் போகாமல் இடது உதட்டோரம் புஸ்ஸென்று வெளியே போனது. மறுபடி ஊதினாள். மறுபடி புஸ். "இன்னாய்யா, கொழல்ல ஓட்ட உழுந்துட்டாப்பல இருக்குது" என்று என் பக்கம் திரும்பினாள். குழலில் ஓட்டை இல்லை. அவள் வாய் வலப்பக்கம் போயிருந்தது.

டாக்டர் விரலை மேலே காட்டினார். அவள் கூரையைப் பார்த்தாள். எத்தனையோ நெற்றிகளை அந்த நாற்காலியில் பார்த்தவன் நான். பொட்டு வைத்த அந்த ஒரு நெற்றியை மட்டும் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். "மூஞ்சி நரம்பு" என்றார் டாக்டர். "முந்தாநாள் பஸ்ஸுல ஜன்னலோரம் நான்தான் சார் உக்கார வெச்சேன், காத்து பட்டுடுச்சி" என்றேன். "காத்து ஒண்ணும் பண்ணாது, சும்மா இரு" என்றவர், மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதினார். "சரியாயிடுமா சார்?" என்றேன். "பாப்போம்" என்றார். இத்தனை வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாத்திரை முடிந்தும் முகத்தில் அசைவில்லை. "ஏழுமல, உன் பெட்டியில வெச்சிப் பாரு" என்றார். வெளியே சொல்லவில்லை, ஆனால் எனக்குள் ஒரு பெருமை. என் பெட்டி, என் பெண்சாதி. அவளை உட்காரவைத்துப் பிடரியில் தகடு கட்டினேன். என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. நம்பிக்கை வராமல் மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடியும்.

"யோவ், எனக்கு வைப்பியா, நீயே வெச்சிக்கினு இருப்பியா?" என்றாள்.

கன்னத்துக்குக் கொண்டுபோனபோது என் கை நடுங்கியது. தொட்ட இடத்தில் துடிக்கவில்லை. இடம் மாற்றினேன். அங்கேயும் இல்லை. திருகைக் கூட்டவும் பயம், கூட்டாமல் இருக்கவும் பயம். பேனா வழுக்கிக் கண் பக்கம் போனது. அவள் வீலென்றாள்.

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். "கைய எடு ஏழுமல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். "சொந்த மூஞ்சிக்கு சொந்தக் கை ஆவாது. தணிகாசலம் பாக்கட்டும்."

மறுநாளிலிருந்து அவள் பலகைக்கு அந்தப் பக்கம் போனாள்.

பலகை என்று பேர். ஒரு பெருமூச்சுகூட இந்தப் பக்கம் கேட்கும்.

"வாங்க அண்ணி. உக்காருங்க. இருமுங்க."

"லொக்."

"ஆச்சு."

"ஐயே, எப்ப தம்பி குத்துன?"

"இப்ப லேசா திருப்பறேன். கனமா இருக்குதா?"

"எறும்பு ஊர்றாப்பல இருக்குது."

"அப்ப எறும்புக்கு வழி தெரிஞ்சிடுச்சி."

அவள் சிரித்தாள். குழல் ஊத முடியாத அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அது பத்திரமாக இருந்திருக்கிறது. "சிரிக்காதீங்க அண்ணி, ஊசி ஆடுது" என்றான் அவன். அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டான். அவளும் தம்பி என்றுதான் சொன்னாள். உறவு முறை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சல் மட்டும் குறையவில்லை.

ஊசி எடுத்த பிறகு பயிற்சி. "ஈ சொல்லுங்க. ஊ சொல்லுங்க. கன்னத்த உப்புங்க. முத்தம் குடுக்கறாப்பல உதட்டக் குவிங்க."

என் கையிலிருந்த பேனா உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்த கச்சிராயபாளையத்துப் பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு, "அங்க இன்னா தம்பி நடக்குது?" என்றார்.

"வைத்தியம்" என்றேன்.

"இப்ப கண்ணடிக்கறாப்பல ஒத்தக் கண்ண மூடுங்க" என்று குரல் வந்தது.

"நல்ல வைத்தியம்" என்றார் பெரியவர்.

அதே பயிற்சியை எத்தனையோ பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். குவிங்க, மூடுங்க என்று, கணக்குப் பாடம் மாதிரி. அவர்களுடைய புருஷன்மார்கள் வாசலில் நின்று என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சும்மா இருக்க முடியாமல் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போவேன். பஞ்சு கொண்டுபோவேன். "பஞ்சு இருக்குதுண்ணா" என்பான். ஸ்பிரிட் கொண்டுபோவேன். "அதுவும் இருக்குதுண்ணா. நீங்க வேணா இப்பிடி உக்காந்து பாருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் நான் தோற்றுப்போனதாக ஆகிவிடாதா? "எனக்கு வேல கெடக்குது" என்று திரும்பிவிடுவேன்.

ஒருநாள் அப்படிப் பஞ்சோடு போனபோது அவள் டம்ளரை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். உதடு எவ்வளவு மூடுகிறது என்று பார்க்கிற சோதனை அது. இடது ஓரமாகத் தண்ணீர் ஒழுகி, மோவாயிலிருந்து சேலையில் சொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவன் எதிரே சாவகாசமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்துக்கு இன்னிக்கு கம்மி அண்ணி" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். உடனே முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் அவள் எனக்கு எதிரில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். எனக்குப் போட்டுவிட்டு, தன் தட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். படுக்கப் போகும்போது மூடாத கண்ணை டேப் போட்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண் காய்ந்து புண்ணாகிவிடும். அதை மட்டும் செய்ய என்னை விட்டாள். அதுவும் விளக்கை அணைத்த பிறகு. இருட்டில் விரலால் இமையைத் தடவி, மூடியிருக்கிறதா என்று பார்த்து, டேப் விழியில் உரசிவிடுமோ என்று பயந்து பயந்து ஒட்டுவேன். என் சொந்த வீட்டில் நான் குருடனாக இருக்க வேண்டியிருந்தது. அங்கே அவன் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "அவன் எதிர்ல ஒழுவ ஒழுவக் குடிக்கற. எனக்கு முதுகக் காட்டிக்கினு தின்ற. நான் இன்னா வழிப்போக்கனா?"

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் பேசியது. "அவரு நரம்பப் பாக்கறாரு. நீ என்னப் பாக்கற."

"பாத்தா இன்னா?"

"பாக்கறப்போ உன் மூஞ்சி இன்னா ஆவுதுன்னு உனக்குத் தெரியாது. நான் ஒரு வாய் வெச்சா, எழவு வூட்டுக்கு வந்தவனாட்டம் ஆயிடற. அதப் பாத்துத்தான்யா நான் எவ்ளோ கோரமா இருக்கறேன்னு எனக்குத் தெரியுது. கண்ணாடியக்கூட பாத்துடுவேன். உன்னப் பாக்க முடியல."

நான் கவலைப்படுகிறவன். பிறந்ததிலிருந்தே அப்படி. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன். அதெல்லாம் என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் போலிருக்கிறது. அடுத்த சில நாட்கள், ஆஸ்பத்திரியில் கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் முகத்தைச் சும்மா வைத்திருக்கப் பழகினேன். தணிகாசலம் வைத்திருப்பானே, தண்ணீர் கொட்டினாலும் நெருப்புப் பிடித்தாலும் மாறாமல், அந்த மாதிரி. வீட்டுக்குப் போய் அதே முகத்தோடு அவள் முன்னால் நின்றேன். "இன்னாய்யா, பல்லு வலியா?" என்றாள்.

டாக்டரிடம் போனேன். "சார், ஊசி போதும், மறுபடி என் பெட்டியில ஒரு தரம் வெச்சிப் பாக்கலாமா? கை நடுங்காது சார்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடி வைத்தால் பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"ஏழுமல, இந்த நோவு வந்தவங்கள்ல பாதிக்கு மேல தானா தேறிடறாங்க. சீக்கிரமா மாத்திர குடுத்தா இன்னும் கொஞ்சம் பேரு. மிச்சத்துல ஊசி எவ்ளோ செய்யுது, கரண்டு எவ்ளோ செய்யுதுன்னு எனக்கே அடிச்சி சொல்லத் தெரியல. தானா வர்றதுக்கு எவன் பேரு வாங்கறதுன்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கறீங்க."

"அவன் அடிச்சிக்கலியே சார், நான்தானே" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று பேனாவைத் திறந்துகொண்டார்.

அந்தப் பிசியோதெரபிப் பெண்ணுக்கான பதில் இதுதான். டாக்டர் சொன்னபடியே எழுதிவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும்.

மாசி கழிந்து பங்குனி வெயில் ஏறிய நேரம். வெள்ளிமலையிலிருந்து வந்த ஒரு கிழவருக்கு நான் கரண்டு வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வழக்கம்போல "ஈ சொல்லுங்க அண்ணி" என்று குரல். பிறகு அவன், "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றான். குரல் மாறியிருந்தது. எதற்கும் மாறாத ஆளுக்குக் குரல் மாறியதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா!" என்று பலகையைத் தட்டினான். "ஓடியாங்கண்ணா, ஆடுது, வாயோரம் ஆடுது!"

என் கையில் பேனா. பேனா கிழவர் கன்னத்தில். தகடு அவர் பிடரியில் கட்டியிருந்தது. கரண்டு போட்ட ஆளை விட்டு நகரக் கூடாது. அணைத்துவிட்டுப் போகலாம்தான். திருகைச் சட்டென்று இறக்கினால் உதறும், மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும். இறக்கினேன். அதற்குள் வராந்தா பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார்கள். "ஆமாம்பா, ஆடுது பாரு!" "இன்னொரு தரம் சொல்லும்மா!" யாரோ கைகூடத் தட்டினார்கள். அவள் "ஈ, ஈ" என்று அழுதுகொண்டே சொல்வது கேட்டது. கிழவர் பிடரிக் கட்டை அவிழ்த்தேன், முடிச்சு இறுகிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சதை களைத்துப்போய் அசைவு நின்றிருந்தது.

"இப்ப வரல" என்றாள், முந்தானையால் மூடிக்கொண்டு. "நாளைக்கி வரும்."

ஊரெல்லாம் பார்த்தது. திருவண்ணாமலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் மாத்திரை வாங்க வந்தவன்கூடப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. முதலில் பார்த்த தணிகாசலத்தைவிட, அந்த முன்பின் தெரியாதவன் மேல்தான் எனக்குப் பொறாமை வந்தது. அவன் முகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மஞ்சள் சட்டை.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். கண் மூடியது, டேப் தேவைப்படவில்லை. இருட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு வேலையும் போயிற்று. குழலை எடுத்து ஊதி அடுப்பு மூட்டினாள். ஒன்று மட்டும் புதிதாக வந்தது. அவள் சிரித்தால் இடது கண் தானாகச் சுருங்கி மூடிக்கொண்டது. பார்க்கிறவர்களுக்குக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். மளிகைக் கடைக்காரர் ஒருநாள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார்.

"உன் ஊசிதான் நரம்பத் தப்பா எழுப்பி வுட்டுடுச்சி" என்றேன் தணிகாசலத்திடம்.

"மொத நாளு நீங்க வெச்ச கரண்டா இருக்கப் போவுதுண்ணா" என்றான் அவன். எங்களுக்குள் அவன் பதிலுக்குச் சொன்ன ஒரே வார்த்தை அது. எனக்கு ஒருவிதத்தில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

டாக்டர் இரண்டையும் தள்ளிவிட்டார். நரம்பு மறுபடி முளைக்கும்போது சில நேரம் கிளை மாறிப் போய்விடுமாம். வாய்க்குப் போக வேண்டிய இழை ஒன்று கண்ணுக்கும் போயிருக்கிறது. "இனிமே இது சரியாயிடுமா சார்?" என்றேன். பதில் உங்களுக்கே தெரியும்.

முகம் தேறியும் அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதை விடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி என் முகத்தைப் பற்றிப் பேச்சு வரும். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு வைத்திருந்தாள். எனக்கு ஒரு தட்டுப் போட்டாள். இன்னொரு தட்டை எடுத்துவந்து எனக்கு நேர் எதிரில் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் கலைந்துவிடும் போலிருந்தது.

"இன்னாய்யா, தட்டுல இன்னா பொதையலா இருக்குது? பாரு" என்றாள்.

பார்த்தேன். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இடது ஓரத்தில் கொஞ்சம் குழம்பு எட்டிப் பார்த்தது. அவள் துடைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் பழகின அந்த முகத்தைத் தேடிப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டேன். அடுத்த வாய் வைத்தாள். அதற்கடுத்தது. எத்தனை மாதம் கழித்து அவள் முழு முகத்தோடு என் முன்னால் சாப்பிடுகிறாள். பலகையும் ஊசியும் பெஞ்சில் இருந்தவர்களும் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள். தானாக வந்து உட்கார்ந்தாளே என்று நினைத்தேன்.

"இன்னிக்கி இன்னா திடீர்னு எதிர்ல?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"தம்பிதான் சொன்னாரு" என்றாள், எலும்பைக் கடித்துக்கொண்டே. "'அண்ணி, மூஞ்சி வேல முடிஞ்சிடுச்சி. இனிமே அண்ணன் எதிர்ல உக்காந்து சாப்புடுங்க. அதான் கடைசிப் பயிற்சி'ன்னாரு."

கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது. இதுவும் அவன் சொல்லித்தானா! என் வீட்டில், என் தட்டுக்கு எதிரில், என் பெண்சாதி உட்கார்வதற்குக்கூட அவன் சொல்ல வேண்டியிருக்கிறதா! கண்ணாடியில் பழகினதெல்லாம் அந்த நொடியில் எங்கே போனதோ தெரியாது. மூக்கு விடைத்தது எனக்கே தெரிந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். முந்தானைக்குக் கை போகப்போகிறது, எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று என் உயிர் பதறியது. கை போகவில்லை. உதடு விரிந்தது. இடது கண் சுருங்கி மூடிக்கொண்டது. வாயில் சோற்றோடு, தெருமுனை வரைக்கும் கேட்கச் சிரித்தாள்.

"இந்த மூஞ்சி பரவால்லய்யா" என்றாள். "இப்பிடியே வெச்சிக்கோ."

அப்படியேதான் வைத்திருக்கிறேன்.